காகசஸ் மலைநாட்டில் கண்டங்களின் எல்லைக்கோட்டை எங்கே வரைவது?

மாடிவகுப்பு எழுதியது:

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காகக் காகசஸ் பகுதியின் சுவர் வரைபடம் ஒன்றைத் தமிழில் வரைந்துகொண்டிருக்கிறேன். மேற்கே கருங்கடல், கிழக்கே காஸ்பியன் கடல், இடையில் தாமான் தீபகற்பத்திலிருந்து அஜர்பைஜான் தலைநகர் பாகுவை ஒட்டிய அப்ஷெரோன் தீபகற்பம் வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளும் பெருங்காகசஸ் தொடர், அதற்குத் தெற்கே சிறுகாகசஸ், இரண்டுக்கும் நடுவே ரியோனி, குரா ஆறுகளின் தாழ்நிலங்கள் என இவ்வளவும் தாளில் ஏறிவிட்டன. ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் கோட்டைப் போட வந்தபோதுதான் கை நின்றுவிட்டது. எங்கள் நூலகத்தில் உள்ள ஒரு நூல், ஐரோப்பாவின் மிக உயர்ந்த சிகரம் 5,642 மீட்டர் உயரமுள்ள எல்பிரஸ் என்கிறது. அதே அலமாரியில் உள்ள இன்னொரு நூல், 4,800 மீட்டரைச் சற்றே தாண்டும், ஆல்ப்ஸ் மலையிலுள்ள மோன் பிளாங்க் என்கிறது. இரண்டையும் படித்த மாணவி ஒருத்தி, "மலை இடம் மாறிவிட்டதா, சார்?" என்று கேட்டாள். அவளுக்கு விடை சொல்வதாக வாக்களித்து இரண்டு வாரமாகிறது.

நிலவரை எழுதியது:

மலை அங்கேயேதான் இருக்கிறது, ஆசிரியர் ஐயா. கோடுதான் நடந்துகொண்டே இருக்கிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதும்போதே இதில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஆசியாவின் எல்லை பாசிஸ் ஆறு, அதாவது இன்றைய ரியோனி, என்றனர் சிலர். இல்லை, வடக்கே உள்ள தனாயிஸ், அதாவது தோன் ஆறு, என்றனர் வேறு சிலர். பின்னர் வந்தவர்கள் நெடுங்காலம் தோனையே பிடித்துக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற செருமானிய இயற்கையியலாளர், காகசஸுக்கு வடக்கே கிடக்கும் கூமா-மானிச் பள்ளம் ஒரு காலத்தில் கருங்கடலையும் காஸ்பியனையும் இணைத்த நீர்வழி என்று கண்டு சொன்ன பிறகு, அந்தப் பள்ளத்தையே கண்டங்களின் எல்லையாகக் கொள்ளலாம் என்ற கருத்து எழுந்தது. ஆறுகள் இருபுறமும் பிரிந்து ஓடும் பெருங்காகசஸின் நீர்ப்பிரிமுகட்டை எல்லையாகக் கொள்ளும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1958ஆம் ஆண்டில் சோவியத் புவியியல் கழகம், பாடநூல்களில் கூமா-மானிச் கோட்டையே பயன்படுத்த வேண்டுமென்று பரிந்துரைத்து, காகசஸ் முழுவதையும் ஆசியாவுக்குக் கொடுத்துவிட்டது.

உங்கள் இரண்டு நூல்களும் ஒன்றையொன்று மறுப்பதன் காரணம் இதுவே. எல்பிரஸ் முதன்மை முகட்டின் மேல் இல்லை. சற்று வடக்கே தள்ளித் தனியாக நிற்கிறது. முகட்டுக் கோட்டைப் போட்டால் அது ஐரோப்பாவில் விழும். பள்ளக் கோட்டைப் போட்டால் ஆசியாவில் விழும். ஜார்ஜியாவின் மிக உயர்ந்த சிகரமான, ஏறத்தாழ 5,200 மீட்டர் உயரமுள்ள ஷ்காராவின் நிலை இன்னும் வேடிக்கையானது: அது முகட்டிலேயே இருப்பதால், முகட்டுக் கோட்டின்படி அதன் உச்சியில் நிற்பவருக்கு இரண்டு கண்டங்களிலும் ஒவ்வொரு கால் இருக்கும்.

முகட்டுக் கோடு நாட்டு எல்லைகளோடும் முழுமையாக ஒத்துப்போவதில்லை என்பதை மாணவர்களுக்குக் காட்டுங்கள். கஸ்பெக் மலையடியில் உள்ள ஸ்தெபான்த்ஸ்மிண்டா என்ற ஜார்ஜிய ஊர் முகட்டுக்கு வடக்கே, தேரெக் ஆற்றின் கரையில் இருக்கிறது. அஜர்பைஜானின் கூபா வட்டாரமும் அப்படியே. ஆக, அந்தக் கோட்டின்படி ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசி ஆசியாவிலும், அந்நாட்டின் சிறிய மலையூர் ஒன்று ஐரோப்பாவிலும் அமைகின்றன. ஐ.நா.வின் புள்ளிவிவரப் பகுப்பு ஜார்ஜியா, அர்மீனியா, அஜர்பைஜான் மூன்றையும் மேற்காசியாவில் சேர்க்கிறது. அதே மூன்று நாடுகளும் ஐரோப்பிய மன்றத்தில் உறுப்பினர்கள்.

கல்லும்மண்ணும் எழுதியது:

நிலவரை சொன்ன வரலாறு சரியானதே. ஆனால் நிலத்தடியில் இந்தக் கோடுகள் எதற்கும் பொருளில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செங்கடல் பிளந்து ஆப்பிரிக்காவிலிருந்து விலகிய அரேபியப் புவித்தட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கே நகர்ந்து யுரேசியத் தட்டை நெருக்குகிறது. அந்த நெருக்கலில் மடிந்து எழுந்ததே காகசஸ். இந்தியத் தட்டு மோதி இமயம் எழுந்ததற்கும் இதற்கும் பங்காளி உறவு உண்டு. இரண்டுமே டெத்திஸ் என்ற பழங்கடல் மூடிக்கொண்டபோது பிறந்தவை. அந்தக் கடலில் படிந்த சுண்ணாம்புக் கல்லையும் களிக்கல்லையும் பெருங்காகசஸின் சரிவுகளில் இன்றும் காணலாம்.

தெற்கே சிறுகாகசஸையும் அர்மீனிய மேட்டுநிலத்தையும் அடைந்தால் கல்லின் குணமே வேறு. அங்கே எரிமலைகளின் ஆட்சி. 4,090 மீட்டர் உயர அரகாட்ஸ் ஓர் அணைந்த எரிமலை. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான தூஃப் என்னும் கல், வெட்டுவதற்கு எளிதாகவும் இளஞ்சிவப்பு நிறத்திலும் கிடைப்பதால், யெரெவான் நகரத்தின் பழைய கட்டடங்கள் பல அதனாலேயே எழுந்தன. எல்பிரஸும் கஸ்பெக்கும் பெருங்காகசஸ் வட்டாரத்தில் இருந்தாலும் எரிமலைகளே.

நெருக்கல் இன்னும் நிற்கவில்லை. 1988 டிசம்பர் 7 அன்று வட அர்மீனியாவின் ஸ்பிதாக் நகரை 6.8 அளவில் தாக்கிய நிலநடுக்கத்தில் குறைந்தது 25,000 பேர் இறந்தார்கள். உங்கள் வரைபடத்தில் எந்தக் கோட்டை விட்டாலும் பிளவுக்கோடுகளை விட்டுவிடாதீர்கள்.

பாகுவில்ஏழாண்டு எழுதியது:

எண்ணெய்க் கிணறுகளுக்குக் கருவி வழங்கும் நிறுவனம் ஒன்றில் பாகுவில் ஏழாண்டுகள் வேலை பார்த்தவன் நான், புவியியல் படித்தவனல்லன். ஆயினும் அங்கே வாழ்ந்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். ஐரோப்பாவா ஆசியாவா என்ற வழக்கில் எல்லோரும் வடக்கையும் தெற்கையும் பார்க்கிறார்கள். அந்த மலைநாட்டை நிலமாகப் பிரிப்பது கிழக்கும் மேற்கும்தான்; அந்த எல்லை, பெருங்காகசஸையும் சிறுகாகசஸையும் குறுக்கே இணைத்து நிற்கும் லிக்கி என்ற சிறிய தொடரில் இருக்கிறது. பெரும்பாலான உலகப்படங்களில் அதன் பெயரைக்கூடக் காண முடியாது.

அந்நாட்களில் பாகுவிலிருந்து திபிலீசிக்கு இரவு ரயில் ஓடியது. ஓர் அக்டோபரில் அதில் போய், அங்கிருந்து பேருந்தில் கருங்கடலோர பாதுமிக்குப் பயணப்பட்டேன். பாகுவில் ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழைதான். பொழுது விடிந்தபோது சாளரத்தில் தெரிந்தது காய்ந்த புல்வெளியும் ஆட்டு மந்தையும். திபிலீசியைத் தாண்டியும் அதே வெளிறிய மஞ்சள் நிறம். ரிகோட்டி கணவாயின் அடியில் உள்ள சுரங்கச் சாலைக்குள் நுழையும் வரை வானத்தில் மேகமில்லை. மறுபுறம் வெளியே வந்ததும் ஓட்டுநர் ஒரு சொல்லும் பேசாமல் கண்ணாடித் துடைப்பானை இயக்கினார். அதற்குப் பிறகு பாதுமி வரை அது நிற்கவில்லை. அந்த ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. குடையில்லாமல் வந்த என்னை விடுதிக்காரம்மா பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

வீடுகளைப் பார்த்தாலே இது விளங்கும். அப்ஷெரோனின் பழைய ஊர்களில் கூரை தட்டையாக இருக்கும். தரையில் ஊறும் எண்ணெய்க் கசிவிலிருந்து கிடைக்கும் 'கிர்' என்ற கீலை மண்ணோடு குழைத்து அதன்மேல் பூசுவார்கள். மேற்கே ரியோனி பாயும் கோல்கேத்தித் தாழ்நிலத்தில் வீடு மரத்தால் ஆனது. ஈரம் ஏறாதபடி தரையிலிருந்து தூக்கிக் கட்டி, மழைநீர் வழியச் சாய்கூரை போட்டிருப்பார்கள். ஒரு பக்கம் மாதுளை, பருத்தி. மறுபக்கம் தேயிலை, எலுமிச்சை. கருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று வடக்கிலும் தெற்கிலும் மலை இருப்பதால் வேறு போக்கின்றிப் புனலுக்குள் நுழைவதுபோல் ரியோனிப் பள்ளத்தாக்கில் ஏறி, லிக்கியில் முட்டி, இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகிறது. அப்பால் குராவின் நிலத்துக்கு மிச்சம் கொஞ்சமே.

நிலவரை எழுதியது:

பாகு நண்பரின் கூரைகள் வலுவான சான்று. எனினும் வடக்கு-தெற்கு எல்லையை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. குளிர்காலத்தில் உருசியப் புல்வெளிகளிலிருந்து இறங்கும் உறைகாற்றைப் பெருங்காகசஸ் தடுத்து நிறுத்துவதால்தான் பாதுமியில் எலுமிச்சை காய்க்கிறது. அதே சுவரின் அண்டையில் இருப்பதால்தான் சோச்சியின் கடற்கரையில் பனை வகைகள் நிற்கின்றன. லிக்கி மழையைப் பிரிக்கிறது என்றால் பெருங்காகசஸ் குளிரைப் பிரிக்கிறது.

அந்தச் சுவரில் வாசல்களும் மிகக் குறைவு. அவற்றுள் ஒன்றான தாரியல் பள்ளத்தாக்கின் பெயருக்கே பாரசீக மொழியில் ஆலன்கள் என்ற பழங்கால மக்களின் வாசல் என்று பொருள். கிழக்கே தெர்பெந்தில், மலைக்கும் காஸ்பியனுக்கும் நடுவே சில கிலோமீட்டர் அகலமே உள்ள கரையைப் பாரசீகத்தை ஆண்ட சாசானியர்கள் ஆறாம் நூற்றாண்டில் இரட்டை மதில் கட்டி அடைத்தார்கள். அந்த மதில் கடலுக்குள்ளும் நீண்டது. இன்று தாரியல் வழியாகச் செல்லும் ஜார்ஜியப் போர்ச்சாலை, திபிலீசியிலிருந்து அராக்வி ஆற்றோரமாக ஏறி, ஏறத்தாழ 2,380 மீட்டர் உயர ஜ்வாரி கணவாயைக் கடந்து, தேரெக் ஆற்றோடு இறங்கி உருசிய நகரமான விளாதிகாவ்காஸ் சேர்கிறது. அர்மீனியாவிலிருந்து உருசியாவுக்கு லாரியில் சரக்கு போக நடைமுறையில் இந்த ஒரு சாலைதான். பனிச்சரிவுக்காகக் கணவாயை மூடும் நாட்களில் லாரிகள் மைல் கணக்கில் வரிசையாக நிற்கின்றன.

கல்லும்மண்ணும் எழுதியது:

அந்தச் சாலையைப் பனிச்சரிவு மட்டுமா மூடுகிறது? 2014 மே 17 அன்று கஸ்பெக்கின் சரிவிலிருந்து பாறையும் பனிக்கட்டியும் உடைந்து இறங்கி, தாரியல் பள்ளத்தாக்கையே அடைத்தன. அதற்கு முன் 2002 செப்டம்பர் 20 மாலையில், அதே மலைக்கூட்டத்தின் வடபுறத்தில், கோல்கா பனியாறு தன் படுக்கையை விட்டுப் பெயர்ந்து கர்மதோன் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பாய்ந்தது. பனியாறு வழுக்கி நகரும். அதுதான் அதன் இயல்பு. இது அப்படியே எழுந்து ஓடியது. கீழே படப்பிடிப்பில் இருந்த நடிகரும் இயக்குநருமான செர்கேய் போத்ரோவ் (இளையவர்) குழுவினரையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர்.

சொல்லடுக்கு எழுதியது:

மழை, குளிர், பாறை என்று எல்லாம் வந்துவிட்டன. அங்கே வாழும் மனிதர்களின் பேச்சு வரவில்லை. அரபுப் புவியியலாளர்கள் காகசஸை 'மொழிகளின் மலை' என்றார்கள். உருசியாவுக்கு உட்பட்ட தாகெஸ்தானில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. அவற்றுள் ஒன்றான அர்ச்சியைப் பேசுவோர் ஏறத்தாழ ஆயிரம் பேரே. 'மலை மக்களைத் தனிமைப்படுத்தியது, அதனால் மொழிகள் பெருகின' என்று பாடநூல்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. இந்த வரி எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அந்த மலைவாழ் மக்கள் தனித்திருக்கவே இல்லை.

குளிர்காலத்தில் ஆட்டை மேய்க்கவும், ஆண்டு முழுவதும் தானியம் வாங்கவும், கூலி வேலை தேடவும் மேலூர்க்காரர்கள் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே மேலே இருப்பவர் கீழே உள்ளோரின் மொழியைக் கற்றுக்கொள்வார். அர்ச்சி ஊரார் தம் மொழியோடு அவார், லாக் மொழிகளையும் பேசிவந்தனர். கீழே இருப்பவருக்கு மேலே ஏற வேண்டிய தேவை இல்லை. எனவே அவர் மேலூர் மொழியைக் கற்பதில்லை. பன்மொழி அறிவு அங்கே உயரத்தைப் பொறுத்தது: ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு மொழிகள் நாவில் இருக்கும். சிறுமொழிகள் பிழைத்ததற்குத் தனிமையைவிட, வெளியாருக்கு அவற்றைக் கற்கும் தேவை எழாததும், ஊருக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கமும் பெருங்காரணங்கள் என்பது என் எண்ணம்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு அஜர்பைஜானின் கினாலிக் நல்ல எடுத்துக்காட்டு. 2,000 மீட்டருக்கும் மேலே, தனக்கென ஒரு மொழியோடு இருக்கும் அவ்வூர் மக்கள், மந்தைகளோடு குளிர்காலத்துக்குத் தாழ்நிலத்துக்கு இறங்கும் பாதை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவ்வூரையும் பாதையையும் சேர்த்தே உலக மரபுப் பட்டியலில் ஏற்றியது. ஆசிரியர் ஐயா, வரைபடத்தில் அந்தப் பாதைக்கு ஒரு புள்ளிக்கோடு போட்டால், கண்ட எல்லையைவிட அது மாணவர்களுக்குப் பயன்படும்.

உலாப்பறவை எழுதியது:

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னை பாரிமுனையில் உள்ள அர்மேனியன் தெருவை மக்கள் 'அரண்மனைக்காரன் தெரு' என்று வழங்கியது நினைவுக்கு வந்தது. அர்மீனியக்காரன் அரண்மனைக்காரனாகிவிட்டான். அவர்கள் இந்த மலைநாட்டிலிருந்து நேரே இங்கு வந்தவர்களா?

நிலவரை எழுதியது:

இழையின் பொருளோடு தொடர்புடையது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுகாகசஸுக்குத் தெற்கே ஓடும் அராஸ் ஆற்றின் கரையில் ஜூல்பா என்ற அர்மீனிய வணிக நகரம் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உதுமானியருடன் நடந்த போரின்போது பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அந்நகர மக்களைப் பெயர்த்து, இசுபகானுக்கு அருகே புதிய ஜூல்பாவில் குடியேற்றினார். சென்னைக்கு வந்த அர்மீனிய வணிகர்களில் பெரும்பாலோர் அந்தப் புதிய ஜூல்பாவின் வழிவந்தவர்கள். உலகின் முதல் அர்மீனிய மொழி இதழான அஸ்தரார் 1794இல் சென்னையில் அச்சானதும் அவர்களால்தான். பழைய ஜூல்பா இருந்த இடம் இன்று அஜர்பைஜானின் நக்சிவான் பகுதியில், ஈரான் எல்லையோரத்தில் இருக்கிறது. நக்சிவானுக்கும் அஜர்பைஜானின் மற்ற நிலத்துக்கும் நடுவே அர்மீனியா கிடக்கிறது.

பாகுவில்ஏழாண்டு எழுதியது:

எல்லைகள் இவ்வாறு அறுபட்டுக் கிடப்பதால் விளையும் விந்தைக்கு இங்குரி அணையைச் சொல்வார்கள். 271.5 மீட்டர் உயரமுள்ள அந்த வளைவு அணை ஜார்ஜியாவின் ஆட்சிப் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக நீர் போய்ச் சேரும் மின்னிலையமோ, 1990களின் தொடக்கத்தில் நடந்த போருக்குப் பின் திபிலீசியின் கைக்கு வராத அப்காசியாவில் இருக்கிறது. ஒருவரையொருவர் ஏற்காத இரு தரப்பும் மின்சாரத்தை மட்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. மதகை ஒருவரும் மின்னாக்கியை மற்றவரும் வைத்திருந்தால் வேறென்ன செய்ய முடியும்?

கல்லும்மண்ணும் எழுதியது:

நீர் என்றதும் செவான் ஏரியைச் சொல்லாமல் விட முடியாது. அர்மீனியாவில் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஏரியின் நீரைச் சோவியத் காலத்தில் மின்னாக்கத்துக்கும் பாசனத்துக்கும் ஹ்ராஸ்தான் ஆற்றின் வழியே திறந்துவிட்டதில், நீர்மட்டம் ஏறத்தாழ 19 மீட்டர் இறங்கியது. தீவில் இருந்த செவானவாங்க் மடத்துக்கு இன்று நடந்தே போகலாம், தீவு தீபகற்பமாகிவிட்டது. பிறகு அதே அரசு, அர்ப்பா ஆற்றின் நீரை ஏரிக்குத் திருப்ப 48 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தை மலைக்குள் குடைந்து 1981இல் திறந்தது. ஊற்றியதைத் திரும்ப அள்ளுவதற்கு ஆன செலவு அது.

மாடிவகுப்பு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு தாளை மாற்றிப் புதிதாகத் தொடங்கிவிட்டேன். கண்ட எல்லைகளாக ரியோனி, முகடு, கூமா-மானிச் மூன்றையும் மெல்லிய சாம்பல் நிறத்தில் ஆண்டுகளோடு காட்டுகிறேன். லிக்கித் தொடரைத் தடித்த கோடாகப் போட்டு, மேற்கே ஒரு சிறிய மரவீட்டையும் கிழக்கே ஒரு தட்டைக் கூரையையும் வரைகிறேன். கினாலிக் பாதைக்குப் புள்ளிக்கோடு. என் மாணவியிடம் மலை இடம் மாறவில்லை என்று சொன்னதற்கு, "அப்படியானால் பரீட்சையில் எதை எழுதுவது, சார்?" என்றாள். "எந்தக் கோடு என்று சொல்லிவிட்டு எழுது" என்றேன். உயரத்துக்கு வண்ணம் தீட்டுவதுதான் மிச்சம். இரண்டு கடலோரமும் சுழிய மீட்டரில் இளம்பச்சையைத் தொடங்கி, மேலே போகப் போகப் பழுப்பாக்கலாம் அல்லவா?

பாகுவில்ஏழாண்டு எழுதியது:

கருங்கடல் பக்கம் அப்படிச் செய்யலாம். காஸ்பியன் பக்கம் செய்துவிடாதீர்கள், ஐயா. காஸ்பியன் நீர்ப்பரப்பே உலகக் கடல்மட்டத்துக்கு 28 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. பாகுவின் கடற்கரைச் சாலையில் நான் மாலைதோறும் நடந்தபோதெல்லாம் கடல்மட்டத்துக்குக் கீழேதான் நடந்திருக்கிறேன். உங்கள் சுழியக் கோடு கடலோரத்தில் வராது. கரையிலிருந்து உள்ளே, குரா-அராஸ் தாழ்நிலத்தில் வெகுதூரம் மேற்கே தள்ளித்தான் வரும். அந்தக் கோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள நிலத்துக்குத் தனியாக ஒரு நிறம் வேண்டும்.

மாடிவகுப்பு எழுதியது:

நல்லவேளை, வண்ணப் பெட்டியை இன்னும் திறக்கவில்லை. கடலோரக் கோட்டையாவது உள்ளபடியே விட்டுவைக்கலாமா?

கல்லும்மண்ணும் எழுதியது:

அதுவும் அசைகிறது. 1977 வாக்கில் 29 மீட்டர் கீழே கிடந்த காஸ்பியன், 1990களின் நடுப்பகுதிக்குள் இரண்டு மீட்டருக்கும் மேல் ஏறி, அதன் பிறகு மீண்டும் இறங்கிக்கொண்டிருக்கிறது. கரை சரிவு குறைந்தது என்பதால் சில இடங்களில் மீட்டர் கணக்கில் இறங்கும் நீர் கிலோமீட்டர் கணக்கில் விலகிப் போகிறது. எந்தப் படத்தைப் பார்த்துக் கரையை வரைந்தீர்களோ, அந்தப் படத்தின் ஆண்டைக் காஸ்பியனுக்குள் சிறிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.